வரியில்லாப் படத்துக்கு வாங்கிய காசு

செஞ்சியில் ஒரு சினிமா கொட்டகையில் நான் மேனேஜராக இருந்தேன். அரசாங்கம் வேண்டாம் என்று தள்ளுபடி செய்த வரியை, படம் பார்க்க வந்த ஜனங்களிடம் வருடக்கணக்கில் வாங்கினேன். தெரிந்தே வாங்கினேன். முதலாளி சொன்னார், நான் செய்தேன் என்று சொல்லி ஒதுங்க எனக்கு வழியில்லை. கட்டணப் பலகையை எழுதி மாட்டியவன் நான். கேட்டவர்களுக்குப் பொய் சொன்னவனும் நான்தான்.

ஊரில் பலருக்கு இது ஒரு தப்பாகவே தோன்றாது என்று எனக்குத் தெரியும். "சினிமாவுல நடக்காததா?" என்பார்கள். பிளாக்கில் டிக்கெட் விற்றால் தப்பு, வரி ஏய்த்தால் தப்பு; நான் செய்தது அந்த இரண்டிலும் நேராகச் சேராது. அதனால்தான் இத்தனை காலம் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன். என்ன செய்தேன் என்பதைக் கணக்கோடு சொன்னால்தான் அது விளங்கும்.

கேளிக்கை வரி நம் மாகாணத்துக்கு 1939-ல் வந்த சட்டம். நான் கொட்டகையில் வேலைக்குச் சேர்ந்தபோது டிக்கெட்டில் நுழைவுக் கட்டணம் தனியாக, வரி தனியாக அச்சிட்டிருக்கும். டிக்கெட் புத்தகங்களை வணிகவரி அலுவலகத்துக்கு எடுத்துப்போய் சீல் வாங்கி வரவேண்டும். சீல் இல்லாத டிக்கெட்டைக் கிழித்தால் வம்பு. இரவுக் காட்சி முடிந்ததும் டி.சி.ஆர். எழுதுவோம், அதாவது அன்றாட வசூல் கணக்கு. மொத்த வசூல் கிராஸ், வரி போக மிச்சம் நெட், அந்த நெட்டில் விநியோகஸ்தருக்கு இவ்வளவு, கொட்டகைக்கு இவ்வளவு என்று ஷேர். எங்கள் ஏரியா தென்னாற்காடு–பாண்டி. விநியோகஸ்தரின் ரெப் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு எண்ணையும் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுவார்.

அந்தக் காலத்திலும் வரிவிலக்கு உண்டு. எப்போதாவது ஒரு படத்துக்குக் கிடைக்கும். 'கப்பலோட்டிய தமிழன்' வெளிவந்தபோது ஓடவில்லை, பின்னால் வரிவிலக்கு கிடைத்தது என்று பெரியவர்கள் சொல்வார்கள். அப்படிப்பட்ட படம் எங்கள் கொட்டகைக்கு வந்தால் டிக்கெட் விலையைக் குறைத்துத்தான் விற்போம். வரி இல்லை என்றால் வரித்தொகையை வாங்கக்கூடாது, இதில் யோசிக்க என்ன இருக்கிறது? சுற்றுப்பட்டுப் பள்ளிக்கூடங்களிலிருந்து பிள்ளைகளை வரிசையாக அழைத்து வருவார்கள். நானே கவுண்டரில் உட்கார்ந்து குறைந்த விலைக்கு டிக்கெட் கிழித்துக் கொடுத்திருக்கிறேன். ஆகவே எது முறை என்று எனக்குத் தெரியாமல் இல்லை.

2006 மே மாதம் கலைஞர் ஐந்தாம் முறையாக முதல்வரானார். அந்த வருடமே, தமிழில் பெயர் வைத்த படங்களுக்குக் கேளிக்கை வரி முழுக்க விலக்கு என்று அரசு அறிவித்தது. 'சம்திங் சம்திங் உனக்கும் எனக்கும்' என்று விளம்பரமான படம் 'உனக்கும் எனக்கும்' என்று வந்தது. 'ஜில்லுனு ஒரு காதல்' என்பது 'சில்லுனு ஒரு காதல்' ஆயிற்று. 'எம்டன் மகன்', 'எம் மகன்' ஆயிற்று. 'ரோபோ' என்று பேசப்பட்ட ரஜினி படம் 2010-ல் 'எந்திரன்' என்றே வெளியானது. எனக்கு அது உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. போஸ்டரில் நல்ல தமிழ் பார்க்கிற சந்தோஷத்தை யாரும் குறைத்துப் பேசவேண்டாம், இன்றும் அந்த ஆணையின் நோக்கத்தை நான் மதிக்கிறேன்.

ஆனால் எங்கள் கட்டணப் பலகையில் நான் ஒரு எண்ணைக்கூட மாற்றவில்லை.

கணக்கு இப்படித்தான். நூறு ரூபாய் வசூலில் வரியாகப் பதினைந்து ரூபாய் போகிறது என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் எண்பத்தைந்து. அதில் அறுபது சதவீதம் விநியோகஸ்தருக்கு என்றால் ஐம்பத்தொரு ரூபாய், கொட்டகைக்கு முப்பத்து நான்கு. வரி இல்லை, விலையும் குறையவில்லை என்றால் பங்கு போடுவதற்கு நூறு ரூபாய் முழுசாக நிற்கிறது. விநியோகஸ்தருக்கு அறுபது, எங்களுக்கு நாற்பது. படம் பார்க்க வந்தவர் முன்பு கொடுத்த அதே காசைத்தான் கொடுக்கிறார். அவர் கொடுத்த வரி இப்போது வரி என்ற பெயரில்லாமல் எங்கள் பைக்கு வருகிறது, அவ்வளவுதான்.

தயாரிப்பாளரைத் தூக்கிவிடத்தானே அந்தச் சலுகை, ஆகவே பணம் அவருக்குப் போனால் என்ன தப்பு என்று நான் எனக்கே சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மை. ஆணை வந்த பிறகு படங்களை ஏரியாவுக்கு விற்கிறபோதே, வரி இல்லை, அதனால் வசூல் கூடும் என்று கணக்குப் போட்டுத்தான் விலை பேசினார்கள். எங்களிடம் கேட்கிற எம்.ஜி., அதாவது குறைந்தபட்ச உத்தரவாதத் தொகையும் ஏறியது. பெரிய நடிகர் படம் என்றால் சலுகையில் பெரும்பகுதி படத்தின் விலைக்குள்ளேயே கரைந்துபோனது. சின்னப் படங்களுக்கோ அந்தச் சலுகையால் ஒன்றுமே ஆகவில்லை. வரிவிலக்கு என்பது வசூலில் ஒரு பங்கு. மத்தியானக் காட்சிக்கு முன்வரிசையில் நாலைந்து பேர் உட்கார்ந்திருக்கிற படத்துக்கு எத்தனை சதவீதம் விலக்குக் கொடுத்து என்ன பயன்? யாருக்கு ஏற்கெனவே கூட்டம் இருந்ததோ அவருக்கே அள்ளிக் கொடுத்தது. குறைந்த செலவில் எடுக்கப்பட்ட தரமான படங்களுக்கு ஏழு லட்ச ரூபாய் மானியம் என்று அரசு தனியாகக் கொடுத்தது. என் மனசுக்கு அதுதான் நேரான உதவி. யாருக்குப் போகிறது, எவ்வளவு போகிறது என்பது அதில் வெளிச்சத்தில் இருக்கிறது.

என் தப்பை நான் முகத்துக்கு நேராகச் சந்தித்தது ஒரு வெள்ளிக்கிழமை. செஞ்சியில் வெள்ளிக்கிழமை என்றால் சந்தை, ஆட்டு வியாபாரம். புதுப்படம் வெளியாவதும் அன்றுதான். கமிட்டியில், அதாவது ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில், மூட்டை தூக்குகிற ஒருவர், எங்கள் கொட்டகைக்கு வாரம் தவறாமல் வருகிறவர், கவுண்டரில் நின்று என்னைக் கேட்டார்.

"மேனேஜரே, இந்தப் படத்துக்கு வரி இல்லன்னு பேப்பர்ல போட்டிருக்காமே. அப்ப டிக்கெட்டு கொறையணும் இல்ல?"

"கவர்மெண்ட் ரேட்டு பெரியவரே. ஜி.ஓ. போட்டுட்டான். நம்ம கையில ஒண்ணும் இல்ல."

அவர் தலையாட்டிவிட்டுப் பணத்தைக் கொடுத்தார். அவர் என்னை நம்பினார். நான் சொன்னது பொய். அரசு விதித்தது உச்சக் கட்டணம். இதற்கு மேல் வாங்காதே என்பதுதான் ஆணை. சென்னை மல்டிபிளக்ஸுக்கு 120 ரூபாய் என்றால் எங்களைப் போன்ற பேரூராட்சிக் கொட்டகைக்கு அதைவிட ரொம்பக் கீழே. அந்த உச்சத்துக்குக் கீழே எவ்வளவு வேண்டுமானாலும் நாங்கள் குறைத்திருக்கலாம். ஒரு ரூபாய் குறைக்கக்கூட யார் அனுமதியும் தேவையில்லை. ரேஷன் கடையில் எடை குறைக்கிறவன் "மேலேயிருந்தே இப்படித்தான் வருது" என்று சொல்வானே, அதையேதான் நான் ஜி.ஓ.வின் பெயரால் சொன்னேன். எதிர்த்துக் கேட்க அவருக்குப் படிப்பும் நேரமும் இல்லை என்று தெரிந்துதான் சொன்னேன். ஒரு வாத்தியாரோ வக்கீலோ கேட்டிருந்தால் வேறு மாதிரி பேசியிருப்பேன். இதுதான் என்னை அதிகம் உறுத்துகிறது.

2011-க்குப் பிறகு என் பொய்க்கு மறைப்பும் போயிற்று. ஜெயலலிதா அரசு விலக்குக்கான நிபந்தனைகளை இறுக்கியது. தமிழ்ப் பெயர் மட்டும் போதாது. தணிக்கையில் 'யு' சான்றிதழ் வேண்டும், தமிழ்ப் பண்பாட்டை வளர்ப்பதாக இருக்கவேண்டும், வன்முறை, ஆபாசம் கூடாது. அதன் பிறகு ஒரு வாரம் 'யு' படம், வரி இல்லை. அடுத்த வாரம் 'யு/ஏ' படம், வரி உண்டு. இரண்டுக்கும் எங்கள் கொட்டகையில் ஒரே விலை! வரி கட்டும் படத்தை இந்த விலைக்கு விற்க முடிகிறது என்றால், வரி கட்டாத படத்தை அதே விலைக்கு விற்பது என்ன நியாயம்? கண்ணுள்ள எவனுக்கும் தெரியும். டி.சி.ஆர். நோட்டில் ஒரு பக்கத்தில் வரிக் கட்டம் நிரம்பியும் மறுபக்கத்தில் கோடு போட்டும் இருக்கும். கட்டணக் கட்டத்தில் மட்டும் மாற்றமே இல்லை. இரண்டையும் என் கையாலேயே எழுதினேன்.

வரி போனதும் இன்னொன்றும் நடந்தது. வரி இருந்தவரை யாராவது வந்து டிக்கெட்டை எண்ணுவார்கள் என்ற பயம் எங்களுக்கு இருந்தது. வரியே இல்லாத படத்துக்கு எண்ணிப் பார்க்க யாருக்கும் அவசரமில்லை. பெரிய நடிகர் படம் வந்தால் முதல் சில நாள் 'ஸ்பெஷல் ரேட்' என்று இஷ்டத்துக்கு வாங்கினோம். மேல்மலையனூர் அமாவாசையும் சேர்ந்து வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். அங்காளம்மன் ஊஞ்சல் பார்க்கப் போகிற கூட்டத்தில் ஒரு பகுதி செஞ்சியில் இறங்கிவிடும், பெஞ்சுக்கு நடுவில் நாற்காலி போடுவோம். கூடுதலாக வாங்கிய பணம் கணக்கில் ஏறாது. அதில் எனக்கு ஒரு பங்கு உண்டு. என் வீட்டு மாடிக்குத் தளம் போட்ட பணத்தில் அதுவும் கலந்திருக்கிறது. வீட்டில் இதை நான் சொன்னதில்லை, இதைப் படித்துத்தான் தெரிந்துகொள்வார்கள்.

ஜனங்களை மட்டும் ஏமாற்றவில்லை, ஊரையும் ஏமாற்றினேன். கேளிக்கை வரியை வசூலித்தது வணிகவரித் துறை என்றாலும் அதில் 90 சதவீதம் உள்ளாட்சிகளுக்குப் போகவேண்டிய பணம். செஞ்சியில் வசூலான வரி என்றால் அது செஞ்சிப் பேரூராட்சியின் தெருவிளக்கு, சாக்கடை, குடிநீர்க் குழாய். பேரூராட்சியில் வேலை பார்த்த என் சித்தப்பா இதை எனக்குச் சின்ன வயதிலேயே சொல்லியிருக்கிறார். அரசு அந்த வரியை விட்டுக்கொடுத்தது என்றால், எங்கள் ஊர் விட்டுக்கொடுத்தது என்று அர்த்தம். ஊர் விட்டுக்கொடுத்த பணம் ஊர்க்காரருக்கு டிக்கெட் விலையிலாவது திரும்பி வந்திருக்கவேண்டும். தெருவில் விளக்கு எரியவில்லை என்று பேரூராட்சியில் போய்ச் சத்தம் போட்டவர்களில் நானும் ஒருவன்.

2017-க்கு வருகிறேன். ஜூலை 1-ஆம் தேதி ஜி.எஸ்.டி. வந்தது. நூறு ரூபாய்க்கு மேற்பட்ட டிக்கெட்டுக்கு 28 சதவீதம், நூறு ரூபாய் வரைக்கும் 18 சதவீதம். பழைய கேளிக்கை வரி அதில் அடங்கிப்போகும் என்று நினைத்திருந்தபோது, உள்ளாட்சி கேளிக்கை வரி என்று 30 சதவீதம் தனியாக வந்தது. 28-ம் 30-ம் சேர்ந்து 58 என்று மாநிலம் முழுக்கக் கொதித்தோம். ஜூலை 3 முதல் தியேட்டர்களை மூடினோம். அந்த நாட்களில் நான் கடைத்தெருவில் நின்று பேசாத பேச்சில்லை. "ஏழை பாழைக்கு இருக்கிற ஒரே பொழுதுபோக்கு இது, அதுலயும் கை வெச்சா எப்படி?" என்று கேட்டேன். அந்த வரி அநியாயம்தான், அதில் இன்றும் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் ஏழையின் பெயரைச் சொல்லிப் பேச எனக்கு என்ன யோக்கியதை இருந்தது? வரி இல்லாத வருடங்களில் அதே ஏழையிடம் வரியை வாங்கிக்கொண்டிருந்தவன் நான். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் அந்த மூட்டை தூக்குகிறவரும் இருந்தார். எனக்காக வருத்தப்பட்டார்.

நாலு நாளில் தியேட்டர்கள் திறந்தன. பேச்சுவார்த்தை நடந்து கடைசியில் அக்டோபரில் தமிழ்ப் படங்களுக்கு அந்த வரி 8 சதவீதமாக இறங்கியது. டிக்கெட் உச்சவரம்பை 25 சதவீதம் ஏற்றிக்கொள்ளவும் அரசு அனுமதித்தது. வரி இறங்கியதை நாங்கள் பலகையில் காட்டவில்லை, ஏறிய உச்சவரம்பை அன்றைக்கே காட்டினோம்.

2019 ஜனவரி 1-ல் ஜி.எஸ்.டி. குறைந்தது. எங்கள் வகை டிக்கெட்டுக்கு 18-லிருந்து 12. அப்போதும் அடிப்படைக் கட்டணத்தைக் கொஞ்சம் உயர்த்தி, ஜனங்கள் கொடுக்கிற மொத்தத் தொகை பழையபடியே வருமாறு கணக்கைச் சரிக்கட்டினேன். வரி குறைந்தால் அந்தப் பலனை வாங்குகிறவருக்குக் கொடுத்தே ஆகவேண்டும் என்று ஜி.எஸ்.டி. சட்டத்தின் 171-ஆம் பிரிவு சொல்கிறது. ஆடிட்டர் எடுத்துச் சொன்னார். "செஞ்சிக்கு வந்து யாரு பாக்கப் போறா?" என்று நான்தான் பதில் சொன்னேன். 2006-ல் செய்ததற்குச் சட்டத்தில் ஓட்டை இருந்தது என்று சொல்லிக்கொள்ளலாம். இதற்கு அந்தச் சமாதானமும் இல்லை.

2020 மார்ச்சில் ஊரடங்குக்காக மூடிய கொட்டகை அப்புறம் திறக்கவில்லை. இப்போது அந்த இடத்தில் கல்யாண மண்டபம்.

இதை இப்போது எழுதக் காரணம் கோட்டை. 2025 ஜூலையில் மராட்டிய ராணுவ நிலப்பரப்புகள் என்ற வரிசையில் செஞ்சிக் கோட்டையை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. பன்னிரண்டு கோட்டைகளில் பதினொன்று மகாராஷ்டிரத்தில் இருக்க, எங்கள் ஊர் ஒன்றுதான் வெளியே. 1677-ல் சிவாஜி கைப்பற்றியது, மொகலாயப் படை வருடக்கணக்கில் முற்றுகையிட்டு 1698-ல் பிடித்தது, ஆற்காட்டு நவாப் கேட்ட கப்பத்தைக் கட்ட மறுத்து 1714-ல் தேசிங்கு களத்தில் விழுந்தது எல்லாம் இந்த மண்ணில்தான். 1960-ல் எம்.ஜி.ஆர். நடித்து 'ராஜா தேசிங்கு' வந்தது; எங்கள் கொட்டகையில் அதைத் திரும்பத் திரும்பப் போட்டிருக்கிறோம், ஒவ்வொரு தடவையும் கூட்டம் வந்தது. அறிவிப்பு வந்ததும் ஊர் நண்பர்கள் சிலர் சேர்ந்து, செஞ்சியில் படமும் சீரியலும் எடுக்க வருகிறவர்களுக்கு வரிச் சலுகை வேண்டும் என்று அரசுக்கு மனு போட முடிவு செய்தார்கள். "சினிமா வரி உனக்குத்தான் தெரியும், நீயே எழுது" என்று என்னிடம் கொடுத்தார்கள்.

கேட்பதில் தப்பில்லை. ஊருக்கு வேலை வரும். உலகம் முழுக்கச் செய்கிறார்கள். அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலம் அங்கே செய்கிற செலவில் 20 சதவீதத்தை வரிக்கழிவாகத் தருகிறது. மாநிலத்தின் பீச் பழச் சின்னத்தைப் படத்தில் காட்டினால் இன்னொரு 10. நம் ஒன்றிய அரசும் வெளிநாட்டுப் படங்கள் இங்கே செய்கிற செலவில் 40 சதவீதம் வரை, அதிகபட்சம் 30 கோடி ரூபாய், திருப்பித் தருவதாக 2023 நவம்பரில் கோவா திரைப்பட விழாவில் அறிவித்தது. எல்லாரும் பிழைத்தார்கள் என்றும் இல்லை. மிச்சிகன் மாநிலம் 2008-ல் 42 சதவீதம் வரை கொடுத்துப் பார்த்துவிட்டு 2015-ல் நிறுத்திவிட்டது. இவற்றில் எனக்குப் பிடித்த ஒரு விஷயம், பணம் செலவான இடத்தையும் ரசீதையும் கேட்கிறார்கள். நாம் 2006-ல் படத்தின் பெயரைக் கேட்டோம், 2011-ல் சான்றிதழைக் கேட்டோம். சலுகைப் பணம் கடைசியில் யார் கையில் நின்றது என்று என் கொட்டகை வாசலுக்கு வந்து ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் மாட்டியிருப்பேன்.

மனுவை எழுதி முடித்துவிட்டேன். ராஜகிரியிலும் கல்யாண மஹாலிலும் கேமரா வைக்க மத்திய தொல்லியல் துறையின் அனுமதி வேண்டும், மாநிலச் சலுகை அதற்குச் செல்லாது என்பதைத் தெளிவாகக் குறிப்பிட்டிருக்கிறேன். கோட்டைக்கு வெளியே, ஊருக்குள் செய்கிற செலவுக்குத்தான் சலுகை கேட்டிருக்கிறேன். கடைசியில் ஒரு நிபந்தனையை நானாகச் சேர்த்தேன். சலுகை வாங்குகிற கம்பெனி செஞ்சியில் யார் யாருக்கு என்ன கொடுத்தது, வேன்காரர், சமையல்காரர், லாட்ஜ், துணை நடிகராக வந்த உள்ளூர் ஆட்கள், ஒவ்வொருவருக்கும் எவ்வளவு என்ற பட்டியலைப் பேரூராட்சி அலுவலகத்தின் அறிவிப்புப் பலகையில் ஒட்டவேண்டும். பெயர் இருக்கிறவர் யாரும் வந்து, எனக்கு இந்தத் தொகை வரவில்லை என்று எழுதிக் கொடுக்கலாம். எழுதிக் கொடுத்தால் சலுகை நிற்கவேண்டும்.

நண்பர்களுக்கு அது பிடிக்கவில்லை. "இதெல்லாம் போட்டா எவனும் செஞ்சிப் பக்கம் வரமாட்டான், வேற ஊருக்குப் போயிடுவான்" என்கிறார்கள். அவர்கள் சொல்வது நடக்கவும் கூடும். அந்தப் பத்தியை எடுத்துவிட்டு வேறு யாரையாவது எழுதச் சொல்லுங்கள், என் கையெழுத்து மட்டும் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று கேட்டார்கள். மேலே எழுதியிருப்பதுதான் நான் அவர்களுக்குச் சொல்ல வேண்டிய பதில். அடுத்த கூட்டம் வெள்ளிக்கிழமை, சந்தை கலைந்த பிறகு. இதன் ஒரு பிரதியை அவர்களிடம் கொடுத்துவிட்டு, இன்னொன்றை எடுத்துக்கொண்டு கமிட்டிக்குப் போவதாக இருக்கிறேன். அந்தப் பெரியவருக்கு இப்போது கண் சரியாகத் தெரியாது என்கிறார்கள். பக்கத்தில் உட்கார்ந்து நானே படித்துக் காட்டவேண்டும்.